மீன்காரம்மாக்களைப் பூவரசமரத்தடியிலிருந்து எழுப்பப் பேரூராட்சி முயற்சி: என்ன செய்யலாம்?

1. கரைவாடை

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் ஒரு சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். அம்மாவுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதால் பெயரைப் போடவில்லை.

துறைக்குப் போகும் ரோட்டில் ஒரு வளைவு. அங்கே இரண்டு பூவரசமரம். படகுகள் கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, 7 மணிக்கெல்லாம் பெண்கள் கூடையோடு வந்து அந்த நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். சுமார் 40 பேர். அம்மா 35 வருஷமாக அங்கேதான் கூறு போட்டு விற்கிறார். அவருக்கு முன்னால் அதே இடத்தில் ஆயா.

போன வியாழக்கிழமை பேரூராட்சி பில் கலெக்டரும் துப்புரவு மேற்பார்வையாளரும் வந்து, "ஒண்ணாம் தேதியிலிருந்து எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி புது மார்க்கெட்டுக்குப் போயிடணும், இங்க உட்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கையில் காகிதம் எதுவும் கொடுக்கவில்லை. வார்டு உறுப்பினரைக் கேட்டால் மன்றத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது என்கிறார். நகல் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். செயல் அலுவலர் இல்லை, திங்கட்கிழமை வாங்க என்றார்கள்.

சனிக்கிழமையே வேலை ஆரம்பித்துவிட்டது. குப்பை வண்டி வந்து மூன்று பேருடைய கூடையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. அதில் ஒன்று அம்மாவுடையது. சங்கராவும் கிழங்கானும், காலையில் கடனுக்கு எடுத்த மீன். மறுநாள் மதியம் கூடையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீன் அப்படியே அழுகிக் கிடந்தது. அம்மா அதைக் கொட்டாமல் வாசலிலேயே ரொம்ப நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதற்கு எங்கே முறையிடுவது? பேரூராட்சி நினைத்தால் இப்படி எழுப்பிவிட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. உப்பளத்தான்

முதலில் ஒன்று தெரிய வேண்டும். அந்த ரோடு பேரூராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? மரம் நிற்கும் இடம் என்ன புறம்போக்கு? வி.ஏ.ஓ.விடம் கேட்டால் சர்வே எண் சொல்லிவிடுவார். எதிராளி யார் என்பதே அதை வைத்துத்தான் மாறும்.

3. பழைய கோப்பு

தம்பி, நான் பேரூராட்சிகளில் 29 வருஷம் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மாவுக்கு நடந்தது கேட்க மனசு கஷ்டமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"தீர்மானம் போட்டாச்சு" என்று யாராவது வாயால் சொன்னால் அப்படியே நம்பக் கூடாது. மன்றக் கூட்டத்துக்கு முன்னால் கூட்டப்பொருள் தயாராகும். ஒவ்வொரு பொருளுக்கும் அலுவலகக் குறிப்பு இருக்கும். மன்றம் அதைப் படித்து "அனுமதிக்கப்பட்டது" என்றோ "ஒத்திவைக்கப்பட்டது" என்றோ முடிவு செய்யும். அது தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு, தேதியோடு ஏறும், தலைவர் கையெழுத்துப் போடுவார். அந்தப் புத்தகத்தில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதுதான் தீர்மானம். உறுப்பினர் சொல்வதும் டீக்கடையில் பேசுவதும் தீர்மானம் ஆகாது. நான் பார்த்தவரையில் பாதித் தகராறு அந்த வார்த்தையை யாரும் படிக்காததால் வருவதுதான்.

அதனால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். கேட்க வேண்டியது: புது மார்க்கெட் சம்பந்தப்பட்ட கூட்டப்பொருளும் தீர்மானமும், வசூல் உரிமம் ஏலம் விட்ட அறிவிப்பு, அதை ஏலம் எடுத்த குத்தகைதாரரோடு போட்ட ஒப்பந்தம், அனுமதிக்கப்பட்ட கட்டண விகிதம். நகல் மட்டும் கேட்காமல், கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. கோப்பைப் புரட்டும்போதுதான் யார் எந்தத் தேதியில் என்ன எழுதினார்கள் என்பது தெரியும்.

இன்னொன்று. அடிக்காசு, அதாவது உட்கார்ந்து விற்கும் இடத்துக்கான கட்டணம், இப்போது எவ்வளவு வாங்குகிறார்கள்? ரசீது தருகிறார்களா?

4. கரைவாடை

ஐயா, ரொம்ப நன்றி. மனு எழுதிவிட்டேன், நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன்.

அடிக்காசு கூடைக்கு 30 ரூபாய். ரசீது என்று ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டு. அதில் தொகை அச்சடிக்கவில்லை, தேதி இல்லை, பேரூராட்சி முத்திரையும் இல்லை. "சந்தை வசூல்" என்ற இரண்டு வார்த்தைதான் இருக்கிறது. வசூலிப்பவர் குத்தகைதாரருடைய ஆள்.

உப்பளத்தான் அண்ணே, விசாரித்தேன். பேரூராட்சி ரோடுதான்.

5. வடக்குவீதி மருந்துக்கடை

நான் இதே மாதிரி ஒரு கடற்கரை ஊரில் கடை வைத்திருப்பவன். என் பக்கத்தையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீதியிலும் காலையில் மீன் விற்கிறார்கள். 7 முதல் 11 மணி வரை இரண்டு சக்கர வண்டி கூடப் போக முடியாது. செதிலும் குடலும் ஓரத்துச் சாக்கடையில்தான் விழுகின்றன. மதியத்துக்கு மேல் அந்த வாடையில் கடையில் உட்கார முடியாது. போன வருஷம் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு வந்த 108 வண்டி கூட்டத்துக்குள் மாட்டி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண்ணின் அம்மா வண்டிக்குள்ளிருந்து கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்து மார்க்கெட் கட்டியிருக்கும்போது அதற்குள் போவதில் என்ன கஷ்டம்? கூரை இருக்கிறது, வெயிலும் மழையும் படாது. இதை உண்மையாகவே கேட்கிறேன்.

6. கரைவாடை

அண்ணே, கோபம் இல்லை. நீங்கள் சொன்ன ஆம்புலன்ஸ் விஷயம் எங்கள் வளைவிலும் நடக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மார்க்கெட்டுக்குள் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். நேற்று அம்மாவையும் இன்னும் இரண்டு அக்காக்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். உள்ளே வரிசையாக சிமெண்ட் மேடை, மேலே வெள்ளை டைல்ஸ். உயரம் என் இடுப்புக்கு வருகிறது, அகலம் ஒன்றரை அடி. எங்கள் பெண்கள் தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணைப் பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டுதான் மீன் ஆய்வார்கள். ஒன்றரை அடி மேடையில் ஏறி அப்படி உட்கார முடியாது. நின்றுகொண்டு அரிவாள்மணையில் அறுக்கவும் முடியாது. சரி, தரையில் உட்காரலாம் என்றால் இரண்டு மேடைக்கும் நடுவில் ஆள் நடக்கத்தான் இடம்.

அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பார்த்தார். சாக்கடைப் பக்கம் ஓடாமல் நடுவில் வந்து தேங்கி நின்றது. வாட்டம் தப்பாக இருக்கிறது. ஐஸ் உருகும் தண்ணீர் முழுக்க அங்கேதான் நிற்கும். குழாய் மூன்று இருக்கிறது, ஒன்றிலும் தண்ணீர் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, துறையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். ஈரக்கூடை 25 கிலோ இருக்கும். ஆட்டோவுக்குப் போக வர 120 ரூபாய் கேட்கிறார்கள். நாள் முழுக்க விற்றால் மிஞ்சுவது 300, 400. துறை ரோட்டில் வாங்குபவர்கள் வேலைக்குப் போகும் வழியில் நின்று வாங்கிக்கொண்டு போகிறவர்கள். அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் திரும்பி வர மாட்டார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டபோது மீன் விற்கும் ஒரு பெண்ணையாவது கேட்டிருந்தால் மேடையை அரை அடி உயரத்தில் வைத்திருப்பார்கள்.

7. பழைய கோப்பு

கட்டடம் எப்போது கட்டினது தம்பி? 2016 கடைசிக்கும் 2022க்கும் நடுவிலா? அப்படியானால் ஒரு விஷயம். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் உறுப்பினர்களே கிடையாது, தனி அலுவலர்கள்தான் மன்றத்தின் வேலையைப் பார்த்தார்கள். "இந்த மேடை யாருக்கு?" என்று எழுந்து கேட்க வார்டு உறுப்பினர் ஒருவரும் இல்லாத காலம். அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் இந்தக் குறையைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நிலைமை வேறு. பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கித்தான் 2022 தேர்தல் நடந்தது. உங்கள் மன்றத்தில் பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒருவரையாவது அந்த மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரச் சொல்லுங்கள். மனுவை விட அது வேலை செய்யும்.

8. கரைவாடை

2019இல் கட்டினது ஐயா. பெண் உறுப்பினர்கள் எட்டுப் பேர்.

9. நீதிமன்ற வாசல்

வழக்கறிஞராக இருக்கிறேன். இழையை முழுக்கப் படித்தேன். யாரும் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது: தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், 2014. நாடு முழுக்க, நகரப் பகுதி உள்ளாட்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும். பேரூராட்சிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் இதற்கு 2015இல் விதிகள் வந்துவிட்டன. பூவரசமரத்தடியில் கூடை வைத்து விற்கும் உங்கள் அம்மா இந்தச் சட்டப்படி தெரு வியாபாரி.

இதில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அலுவலகத்தில் இதைச் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கும்.

3ஆம் பிரிவு: முதலில் இருக்கும் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது. கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. கணக்கெடுப்பவர்கள் நகர விற்பனைக் குழு. அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

18ஆம் பிரிவு: இடம் மாற்றுவதாக இருந்தால்கூட 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பில் கலெக்டர் வந்து வாயால் சொன்னது நோட்டீஸ் ஆகாது.

19ஆம் பிரிவு உங்கள் சனிக்கிழமைக்கு நேராகப் பொருந்தும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு, நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். கெடாத பொருள் என்றால் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள், கெட்டுப்போகும் பொருள் என்றால் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அம்மா அன்றைக்கே போய்க் கேட்டாரா? யாராவது சாட்சி உண்டா?

கடைசியாக முக்கியமானது. இந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், 50 வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று இருக்கிறது. ஆயா காலத்திலிருந்து என்கிறீர்கள். நிரூபிக்க ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள்.

10. குளச்சல்காரி

எங்கள் பக்கம் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் அம்மாவும் தலைச்சுமையாக மீன் விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில் மீன் விற்கும் ஒரு வயதான அம்மாவை நாற்றம் என்று சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது தமிழ்நாடு முழுக்கத் தெரியும். அந்த அம்மா பஸ் நிலையத்திலேயே நின்று சத்தம் போட்டு நியாயம் கேட்ட வீடியோ வெளியே வந்த பிறகுதான் நடவடிக்கை எடுத்தார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்று. இதை ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் ஊர்க்கமிட்டி, உங்கள் பக்கம் ஊர்ப் பஞ்சாயத்து. இரண்டிலும் உட்கார்ந்து பேசுவது படகுக்காரர்கள். அவர்களுக்குத் துறை, டீசல், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எல்லாம் முக்கியம். விற்கும் இடம் கடைசியில்தான் வரும். சில சமயம் அதை விட்டுக்கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொள்வார்கள். உட்காரும் 40 பேரும் சேர்ந்து போங்கள். கையெழுத்தோ கைரேகையோ அவர்களுடையதாக இருக்கட்டும்.

11. கரைவாடை

தேடினேன். ஆயாவின் தகரப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் அடியில், நூலால் கட்டி வைத்த ஒரு கட்டு சுங்கச் சீட்டு கிடைத்தது. ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. மேலே பஞ்சாயத்தின் பெயர் அச்சில் இருக்கிறது, கீழே நீல மையில் "துறை ரஸ்தா, மீன் கூடை 1, 10 காசு". தேதி படிக்க முடிகிற சீட்டுகளில் பழையது 1969. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதற்காக எடுத்து வைத்தார் என்று அம்மாவைக் கேட்டேன். "காசு குடுத்ததுக்குச் சீட்டு, அத எப்படித் தூக்கிப் போடுறது" என்றார்.

வக்கீல் அக்கா, அம்மா சனிக்கிழமை மதியமே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கூட மூன்று பேர் போயிருக்கிறார்கள்.

12. நீதிமன்ற வாசல்

அந்தச் சீட்டுகளை லேமினேட் செய்யாதீர்கள், பசையும் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்து, வண்ண நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், அலுவலகத்தில் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

13. பழைய கோப்பு

1969ஆம் வருஷச் சீட்டு என்றால் பொக்கிஷம் தம்பி. உள்ளாட்சியே வசூலித்து, இடத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறது. அங்கே சந்தை இல்லை என்று இனி அவர்கள் சொல்ல முடியாது.

14. கரைவாடை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஆட்சியர் அலுவலகம் போனோம். 31 பெண்கள், இரண்டு வேனில். அன்றைக்கு யாரும் கடலோரம் மீன் எடுக்கவில்லை. ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வந்தார்கள். மனுவோடு சீட்டு நகல் வைத்தோம், 2014 சட்டத்தின் மூன்று பிரிவுகளையும் எழுதினோம். மனு எண் கொடுத்து, பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு அனுப்பினார்கள்.

அப்புறம் கோப்பைப் பார்வையிட அனுமதி வந்தது. பழைய கோப்பு ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. தீர்மானத்தில் பெண்களை அப்புறப்படுத்துவது பற்றி ஒரு வரிகூட இல்லை! புது மார்க்கெட்டில் கட்டணம் வசூலிக்கும் உரிமத்தை மூன்று வருஷத்துக்கு ஏலம் விடுவது, கூடைக்கு 10 ரூபாய் வாங்குவது, அவ்வளவுதான் இருக்கிறது. 30 ரூபாய் எங்கேயும் இல்லை. துறை ரோட்டில் வசூலிக்க உரிமமும் இல்லை.

அதே கோப்பில் குத்தகைதாரர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. "வியாபாரிகள் துறை ரோட்டிலேயே அமர்வதால் மார்க்கெட்டில் வசூல் இல்லை, அவர்களை அப்புறப்படுத்தித் தர வேண்டும்" என்று. அதன் ஓரத்தில் பென்சிலில் "உடன் நடவடிக்கை" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் அம்மாவின் கூடை குப்பை வண்டியில் போயிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

நகர விற்பனைக் குழு எங்கள் ஊரில் அமைக்கவே இல்லை. பதிலில் அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

15. பழைய கோப்பு

மனசு நிறைந்தது தம்பி. அந்தக் கடிதத்தின் நகல் கையில் இருக்கிறதல்லவா? பத்திரம்.

குத்தகைதாரரையும் ஒரே அடியாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் முன்பணம் கட்டி ஏலம் எடுத்திருப்பார். ஆள் வராத மார்க்கெட்டை ஆள் வருவார்கள் என்று சொல்லி ஏலம் விட்டது அலுவலகம். அவருடைய தொகையைக் குறைப்பது பற்றி மன்றம் தனியாகப் பேசட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், அப்போது அடிக்காசை எப்படி வைப்பது என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

16. வடக்குவீதி மருந்துக்கடை

தம்பி, மேடை விஷயம் எனக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பார்க்காமலே எழுதிவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் ஊர் மார்க்கெட்டுக்கும் நேற்றுப் போய்ப் பார்த்தேன். இங்கேயும் அதே உயரம்.

ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. ரோட்டின் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து, வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டால் முடியுமா? குடலும் செதிலும் போட மூடியுள்ள டிரம் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

17. கரைவாடை

அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அவர் சொல்றது சரிதான், பிள்ளத்தாச்சி வண்டிக்கு வழி விடாம இருக்கலாமா" என்றார். அந்தக் கோட்டை அம்மாவே போய் எல்லாரிடமும் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். தெற்குப் பக்கம் உட்கார்ந்து வந்த ஒன்பது பேருக்கு வடக்குப் பக்கம் இடம் விட வேண்டும், அதில் கொஞ்சம் சண்டை வந்தது. இரண்டு நாள் பேசிச் சரிசெய்தார்கள்.

புதன்கிழமை செயல் அலுவலரும் தலைவரும் மரத்தடிக்கு வந்தார்கள். பெண் உறுப்பினர்கள் ஐந்து பேர் கூட வந்தார்கள். அதில் ஒருவர் முன்னாலேயே புது மார்க்கெட்டுக்கு எங்களோடு வந்து, மேடையில் ஏறி உட்கார முயன்று பார்த்துவிட்டு இறங்கியவர். அவர்தான் கூட்டத்தில் அதிகம் பேசினார். குழு அமைத்துக் கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் எழுப்பக் கூடாது, துறை ரோட்டில் அடிக்காசு வசூலிக்கக் கூடாது என்று அடுத்த மன்றக் கூட்டத்தில் பொருள் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மரத்தடியில் ஒரு குழாய், இரண்டு டிரம். கழிப்பறை கேட்டோம், நிதி பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மீனுக்கு நஷ்டஈடு கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. அதை விடப் போவதில்லை.

எழுத்தில் வரும்வரை நானும் எதையும் எண்ணிக்கொள்ளவில்லை. மன்றக் கூட்டம் 28ஆம் தேதி.

18. நீதிமன்ற வாசல்

கூட்டப்பொருளில் "கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். "கணக்கெடுப்பு முடியும் வரை" என்று மட்டும் போட்டால் போதாது. நஷ்டஈட்டுக்குத் தனி மனு எழுதித் தருகிறேன், தனிச்செய்தியில் விவரம் அனுப்புங்கள்.

19. கரைவாடை

அனுப்பிவிட்டேன் அக்கா.

கணக்கெடுப்புக்கு முன்னாலேயே நாங்களே ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்திருக்கிறோம். பெயர், எத்தனை வருஷமாக உட்காருகிறார்கள், அதற்கு முன்னால் அதே இடத்தில் வீட்டில் யார் உட்கார்ந்தார்கள் என்று. இன்றைக்கு வரை 26 பேர் எழுதியாகிவிட்டது. நால்வரிடம் ஆதார் அட்டையில் ஊர் மாறியிருக்கிறது, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்புக்குப் போனவர்கள். அதனால் அவர்கள் பெயர் விட்டுப்போகுமா? விற்பனைக் குழு அமைத்த பேரூராட்சி ஏதாவதிலிருந்து கணக்கெடுப்புப் படிவம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். மீதிப் பேரை நாளைக்கு ஏலம் முடிந்ததும் எழுத வேண்டும்.